கண்ணாடி ஆட்டம்: காப்பி அடித்தால் டிரா கிடைக்குமா?

ஆண்டு மலர் என்றால் கவிதை, காதல் கதை, ஜோக்ஸ், பொது அறிவுத் துணுக்கு என்று வரும். அதையெல்லாம் எழுத நம் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் ஆள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு செஸ் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். சும்மா கண்ணை ஓட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் ஒன்றும் புரியாது. காமன் ரூமில் இருக்கிற போர்டை எடுத்து வைத்துக்கொண்டு, காய்களை நகர்த்திக்கொண்டே படியுங்கள். (அந்த செட்டில் ஒரு கருப்புக் குதிரையைக் காணோம். அதற்குப் பதிலாக வைத்திருக்கும் அரை இஞ்ச் நட்டையே குதிரை என்று நினைத்துக்கொள்ளவும்.)

முதலில் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை பக்கம் உட்கார்ந்து பார்த்தால், இடமிருந்து வலமாக எட்டு வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். கீழிருந்து மேலே 1 முதல் 8 வரை எண். ‘குதிரை எஃப்3’ என்றால் குதிரை எஃப் வரிசையில் மூன்றாவது கட்டத்துக்குப் போகிறது. ‘சி4’ என்று வெறும் கட்டம் மட்டும் போட்டிருந்தால் அது சிப்பாய். பெருக்கல் குறி இருந்தால் வெட்டு. மூலையில் நிற்பது யானை. பிஷப்பைச் சிலர் மந்திரி என்கிறார்கள், சிலர் ராணியைத்தான் மந்திரி என்கிறார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். பிஷப் என்றே எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். செஸ் பழக ஆரம்பிக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இந்த யோசனை வரும்: எதிராளி செய்வதையே நாமும் செய்தால் என்ன? அவன் குதிரையை எடுத்தால் நானும் குதிரை, அவன் காஸ்லிங் செய்தால் நானும் காஸ்லிங். இரண்டு பக்கமும் ஒரே படை, ஒரே இடம். அப்போது எப்படித் தோற்க முடியும்? குறைந்தபட்சம் டிராவாவது ஆகணுமே?

இந்த யோசனை முட்டாள்தனமானது அல்ல. செஸ் போர்டின் அமைப்பே அப்படித்தான். நாம் முதலாம் ஆண்டு டிராயிங் வகுப்பில் சிமெட்ரி உள்ள பாகத்துக்கு நடுவில் மெல்லிய சங்கிலிக்கோடு போடுவோமே, அதைப் போல நாலாவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ராஜாவுக்கு நேர் எதிரே ராஜா, ராணிக்கு நேர் எதிரே ராணி. கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். எங்கள் அப்பா ஆடுபுலி ஆட்டத்தில் கெட்டி. அதில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் வேறு வேறு காய், வேறு வேறு வேலை. அவரிடம் செஸ் போர்டை முதன்முதலில் விரித்துக் காட்டியபோது அவர் கேட்ட கேள்வி: “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா இதுல யாருக்குடா ஆதாயம்?”

நல்ல கேள்வி. பதில்: யார் முதலில் நகர்த்துகிறார்களோ அவர்களுக்கு. வெள்ளை எப்போதும் ஒரு நகர்த்தல் முன்னால் போகிறது. அந்த ஒரு நகர்த்தல் சாதாரணமாகப் பெரிய விஷயமாகத் தெரியாது. எலக்ட்ரிகல் லேபில் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் செய்திருப்பீர்கள். நாலு கையும் சரியான விகிதத்தில் இருக்கும்வரை கால்வனாமீட்டர் முள் பூஜ்யத்தில் அசையாமல் நிற்கும். ஒரு கையில் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் மாறட்டும், முள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கண்ணாடி ஆட்டமும் அதுதான். முள் எப்போது சாயும் என்பதைத்தான் இரண்டு பேரும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காப்பி அடிப்பவர் கவனிப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

இதற்குச் சின்ன உதாரணம் ஒன்று பல செஸ் புத்தகங்களில் இருக்கிறது. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. குதிரை × இ5 குதிரை × இ4. இதுவரை கண்ணாடி. 4. ராணி இ2. குதிரைக்கு ஆபத்து என்று கருப்பு பயந்து 4... குதிரை எஃப்6 என்று ஓடினால் 5. குதிரை சி6! குதிரை விலகியதும் ராணி கருப்பு ராஜாவுக்கு செக், அதே குதிரை கருப்பு ராணியின் மேல். ராணி போச்சு. ஐந்தே நகர்த்தல்.

அது நடுச் சிப்பாயில் தொடங்குவதால் சண்டை உடனே வந்துவிடுகிறது. ஆட்டத்தை ஓரத்திலிருந்து தொடங்கினால்? சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, 1. சி4 என்று ஆரம்பிப்பதற்கு ‘இங்கிலீஷ் ஓப்பனிங்’ என்று பெயர். ஹோவர்ட் ஸ்டான்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1843-ல் பாரிஸில் பிரெஞ்சுக்காரர் செயின்ட் அமான்ட்டுடன் மோதியபோது இதை ஆடினார். அவரால் வந்த பெயர். 1972-ல் ரெய்க்யவிக்கில் பாபி ஃபிஷர் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியுடன் ஆறாவது ஆட்டத்தை சி4 என்று தொடங்கியது பெரிய ஆச்சரியம், ஏனென்றால் அவர் இ4 ஆள். (அந்த ஆட்டம் பிறகு குயின்ஸ் கேம்பிட்டாக மாறிவிட்டது.) கருப்பும் 1... சி5 என்று பதில் சொன்னால் அது ‘சிமெட்ரிகல் இங்கிலீஷ்’. இதில் இரண்டு படையும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ள ரொம்ப நேரமாகும். அதனால் காப்பி அடிப்பவர் ரொம்ப தூரம் பத்திரமாகப் போகலாம். அதுவே ஆபத்தும்கூட.

இப்போது அந்த ஆட்டம். பாலிடெக்னிக்குகளுக்கு இடையே நடந்த போட்டி, அணிக்கு நாலு போர்டு. முதல் போர்டை எதிரணி ஜெயித்தது. இரண்டாவது நாம். மூன்றாவது டிரா. ஆக ஒன்றரைக்கு ஒன்றரை. சமமாக முடிந்தால் முதல் போர்டில் ஜெயித்த அணிக்கே அடுத்த சுற்று என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அதாவது நாலாவது போர்டில் அவர்களுக்கு டிரா போதும், நமக்கு வெற்றி வேண்டும். வெள்ளை நம்ம மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் அண்ணன். கருப்பு எதிரணி மாணவர். இரண்டு பேருக்கும் ரேட்டிங் கிடையாது, கிளப் லெவல்தான். நான் ரிசர்வ், பக்கத்தில் நின்று நகர்த்தல்களை நோட்டில் எழுதினேன்.

1. சி4 சி5 2. குதிரை சி3 குதிரை சி6 3. ஜி3 ஜி6 4. பிஷப் ஜி2 பிஷப் ஜி7. இரண்டு பிஷப்புகளும் மூலைவிட்டத்தில் பீரங்கி மாதிரி உட்கார்ந்துவிட்டன. 5. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 6. காஸ்லிங் காஸ்லிங். இங்கேயே டி4 என்று நடுவில் அடித்து ஆடலாம், பெரிய ஆட்டக்காரர்கள் அப்படியும் ஆடுகிறார்கள். அண்ணன் ஓரத்தைப் பிடித்தார்: 7. ஏ3 ஏ6 8. யானை பி1 யானை பி8. திட்டம் புரிகிறதா? பி4 என்று சிப்பாயைத் தள்ளி யானைக்கு வழி திறப்பது. எதிராளியும் அதற்கே தயாராகிறார்.

9. பி4 சி×பி4 10. ஏ×பி4 பி5 11. சி×பி5 ஏ×பி5. இந்த இடத்தில் கண்ணாடி கொஞ்சம் கலைந்து, இரண்டு பக்கமும் இரண்டு சிப்பாய் போனதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. 12. டி4 டி5. இப்போது போர்டைப் பாருங்கள். பி4-க்கு எதிரே பி5, டி4-க்கு எதிரே டி5. பன்னிரண்டு நகர்த்தலுக்குப் பிறகும் ஒரு நூல் பிசகு இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிராளி சிரிக்கவில்லை, அவருக்கு டிரா வேண்டும், அது வந்துகொண்டிருக்கிறது.

13. பிஷப் எஃப்4. பி8-ல் இருக்கும் யானையைக் குறி வைக்கிறது. இங்கே கருப்பு யானையை பி6-க்கு எடுத்திருக்கலாம்; ராணியின் பாதுகாப்பும் இருக்கும். ஆனால் அவர் 13... பிஷப் எஃப்5 என்றார். உன் யானை போனால் என்ன, நானும் உன் யானையைப் பிடிக்கிறேன். தைரியம்தான், தப்பும் இல்லை. 14. பிஷப் × பி8 பிஷப் × பி1 15. ராணி × பி1 ராணி × பி8.

ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப் குறைந்தது. இந்த நிலையை நன்றாகப் பாருங்கள், பாடமே இங்கேதான் இருக்கிறது. வெள்ளை: ராஜா ஜி1, ராணி பி1, யானை எஃப்1, பிஷப் ஜி2, குதிரைகள் சி3, எஃப்3, சிப்பாய்கள் பி4, டி4, இ2, எஃப்2, ஜி3, எச்2. கருப்பு இதன் கண்ணாடி. சி3-ல் உள்ள வெள்ளைக் குதிரைக்கு யார் காவல்? யாரும் இல்லை. சி6-ல் உள்ள கருப்புக் குதிரைக்கு? அதற்கும் இல்லை. பி வரிசை, டி வரிசைச் சிப்பாய்கள் முன்னே போய்விட்டதால் பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனது. காவல் இல்லாத காய் சமநிலையான பிரிட்ஜில் லூஸ் கனெக்‌ஷன் மாதிரி. முள் இன்னும் பூஜ்யத்தில்தான் நிற்கும், ஆனால் தொட்டால் ஆடும்.

16. குதிரை இ5!? சி6 குதிரையின் மேல் பாய்கிறது.

இந்த நகர்த்தலைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இது சரியான நகர்த்தல் அல்ல. இ3 என்று டி4-க்கு முட்டுக் கொடுத்திருந்தால் ஆட்டம் அமைதியாகப் போயிருக்கும், டிராவும் ஆகியிருக்கலாம். அமைதி நமக்குப் போதாது என்பதால் அவர் துணிந்தார். கருப்பு 16... குதிரை × இ5 என்று வெட்டியிருந்தால்? 17. டி×இ5 ராணி × இ5. ஒரு சிப்பாய் போச்சு. ராணி சி3 குதிரையையும் பார்க்கிறது. 18. குதிரை × பி5 என்று ஒரு சிப்பாயைத் திருப்பி எடுத்தால், குதிரை சி3-ஐ விட்டதும் இ2 அநாதை. 18... ராணி × இ2. வெள்ளை சும்மாவே ஒரு சிப்பாய் குறைவு. வெற்றி வேண்டிய அணிக்கு அது கிட்டத்தட்ட வீட்டுக்குப் போகும் டிக்கெட்.

எதிராளி அந்த வெட்டைப் பார்த்தாரா என்று தெரியாது. அவர் கை பழக்கத்தில் போனது: 16... குதிரை இ4. நீ என் குதிரையைத் தாக்கினால் நான் உன் குதிரையைத் தாக்குகிறேன். பதினைந்து தடவை பலித்தது பதினாறாவது தடவையும் பலிக்கும் என்ற நம்பிக்கை.

17. குதிரை × சி6 குதிரை × சி3. இன்னும் கண்ணாடிதான்! வெள்ளைக் குதிரை சி6-ல் நின்று பி8 ராணியையும் இ7 சிப்பாயையும் பார்க்கிறது. கருப்புக் குதிரை சி3-ல் நின்று பி1 ராணியையும் இ2 சிப்பாயையும் பார்க்கிறது. இரண்டு ராணியும் ஒரே நேரத்தில் தூக்குமேடையில். யாருடைய முறை? வெள்ளையுடையது.

ராணியை வெட்டலாம் என்று கை துடிக்கும். 18. குதிரை × பி8 குதிரை × பி1 19. யானை × பி1 யானை × பி8 என்றால் மறுபடி சமம், டிரா, நாம் வெளியே. அண்ணன் ஐந்து நிமிஷம் யோசித்தார். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு வொர்க்‌ஷாப் ஷட்-டவுனில் மோட்டார் மெல்ல மெல்ல நிற்பது போல இருந்தது. பிறகு குதிரையை எடுத்து இ7-ல் வைத்தார்.

18. குதிரை × இ7, செக்!

கதை இவ்வளவுதான். கருப்புக்கும் குதிரை × இ2 செக் இருக்கிறது. ஆனால் முறை வரும்போது அவர் ராஜாவே செக்கில் நிற்கிறது. செக்கில் இருக்கும்போது காப்பி அடிக்கச் சட்டத்தில் இடம் இல்லை. இ7 குதிரையை வெட்டவும் ஆள் இல்லை. முன்பு அதைக் காத்தது சி6 குதிரை, அது போய்விட்டது. ராஜாவுக்குப் போக ஒரே கட்டம்: 18... ராஜா எச்8. அந்த ஒரு நகர்த்தலில் வெள்ளைக்கு ஓய்வு கிடைக்கிறது: 19. ராணி டி3. ராணி ஆபத்திலிருந்து விலகியது, இ2-ஐக் காத்தது, சி3 குதிரையையும் தாக்கியது. ஒரே நகர்த்தலில் மூன்று வேலை.

இந்த ஆட்டத்தை லீவில் வீட்டில் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு ஏ, பி, சி எல்லாம் வேண்டாம், காய் நகர்ந்தால் போதும். இ7-க்கு வந்ததும் அவர் சொன்னது: “அவன் காலடியிலேயே கால் வெச்சு நடந்தா, அவன் நின்னா முட்டிக்க வேண்டியதுதான்.” எங்கள் வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்; இந்த மாதிரிப் பேச்சு எனக்கு இன்னும் வரவில்லை.

கருப்புக்கு அப்போதும் நல்ல வழி ஒன்று இருந்தது: 19... யானை இ8 என்று இ7 குதிரையைத் தாக்குவது. 20. ராணி × சி3 யானை × இ7 21. இ3. ஒரு சிப்பாய்தான் குறைவு, டி5 கொஞ்சம் பலவீனம், ஆனால் போராடலாம். பதினேழு நகர்த்தலாகச் சொந்தமாக யோசிக்காதவருக்குத் திடீரென்று யோசி என்றால் கஷ்டம். கடிகாரத்தில் அவருக்கு நேரம் நிறைய இருந்தது, ஆனால் உடனே ஆடினார்: 19... குதிரை இ4. 20. குதிரை × டி5. இரண்டாவது சிப்பாயும் போச்சு. இ4 குதிரைக்கு இருந்த காவலும் அதோடு போச்சு. ராணி, பிஷப் இரண்டும் அதன் மேல். 20... குதிரை டி6 21. இ3. வெள்ளைக்கு ஆறு சிப்பாய், கருப்புக்கு நாலு. மீதி ஆட்டத்தை எழுதிப் பக்கத்தை வீணாக்கவில்லை. ராணிகளை மாற்றிக்கொண்டு, நடுச் சிப்பாய்கள் இரண்டையும் கைகோத்துத் தள்ளி அண்ணன் ஜெயித்தார். நாம் அடுத்த சுற்றுக்குப் போனோம். அங்கே மூன்றரைக்கு அரை என்று தோற்றது வேறு கதை, அதை மலரில் போட வேண்டாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

ஒன்று கேட்கலாம்: அப்படியானால் சிமெட்ரிகல் இங்கிலீஷில் கருப்பு தோற்றே தீருமா? இல்லவே இல்லை. அது நல்ல ஓப்பனிங். காப்பி அடித்ததும் முதல் பதினைந்து நகர்த்தல் வரை தப்பில்லை. கருப்பு ஒரு நூல்கூடப் பின்தங்கவில்லை. பதினாறாவதில் எதிராளி தப்பான நகர்த்தல் செய்கிறார். அதைத் தண்டிக்காமல் அதையே திருப்பிச் செய்ததுதான் தோல்வி. ஒரே தப்பை இரண்டு பேரும் செய்தால், முதலில் செய்தவருக்கு ஒரு நகர்த்தல் கூடுதல். ஆகவே நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: கண்ணாடி நிலையில் எதிராளி நகர்த்தியதும் மூன்று விஷயம் பாருங்கள். அந்தக் காயை வெட்ட முடியுமா? நான் அதையே செய்தால் அவருக்கு செக் ஏதாவது கிடைக்குமா? நான் காப்பி அடிக்க நினைக்கும் காய் அதற்குள் வெட்டுப்பட்டுவிடுமா? மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் போதும்.

பெரிய கோச் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒதுங்கி நிற்கும் ஜூனியர்களுக்கும் ஒரு வார்த்தை. 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார், வயது 18. எனக்கும் 18தான், நான் இன்னும் ரிசர்வ். அந்த உயரம் வேறு. ஆனால் மேலே சொன்ன ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு போர்டும் ஒரு நோட்டும் ஒரு நட்டும் போதும். மாலை நாலரைக்கு மேல் காமன் ரூம் திறந்திருக்கும்.

வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 16... குதிரை இ4 வரை காய்களை வையுங்கள். அண்ணன் 17-ல் சி6-ஐ வெட்டாமல் குதிரை × இ4 என்று வெட்டியிருந்தால்? கருப்புக்கு இரண்டு வெட்டு இருக்கிறது: டி×இ4 அல்லது குதிரை × இ5. ஒன்றில் ஒரு முழுக் குதிரை போகும். இன்னொன்றில் கண்ணாடி மறுபடி ஒட்டிக்கொள்ளும். எது எது என்று கண்டுபிடித்து, காரணத்தோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.